தராசு யார் கையில்?

(செட்டியார்பட்டியில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கடற்கரைச் சட்டம் என்று தலைப்புப் போட்டுக்கொண்டு செட்டியார்பட்டியில் பேசுவதா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான். மேற்கே திரும்பினால் மலை நிற்கிறது. கிழக்கே கரிசல் கிடக்கிறது. கடலோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. சங்கு ஊதினால் மில்லுக்கும், விடிந்தால் வயலுக்கும் ஓடுகிற நமக்குக் கடற்கரையில் என்ன ஜோலி?

ஜோலி இருக்கிறது. மூன்று காரணம் சொல்லுகிறோம்.

முதலாவது, தண்ணீர். நமது மலையில் பெய்யும் மழை, நாம் குடித்தது போக, வயலுக்குப் பாய்ந்தது போக, ஓடை ஓடையாய் இறங்கி வைப்பாற்றில் சேருகிறது. வைப்பாறு சாத்தூர் வழியே போய் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நம் ஓடையில் ஒருவன் கொட்டும் கழிவு கடைசியில் மீனவன் வலையில் போய் முடிகிறது. ஆகவே கடல் நமக்கு அன்னியமல்ல.

இரண்டாவது, ஜனங்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையில் அபிவிருத்தி என்ற பேரால் பிழைப்பை இழந்தவர்கள் மீனவர்கள் மட்டும் அல்ல. நாற்று நட்ட பெண்கள், களை பறித்த கிழவிகள், அறுவடைக்குப் போன கூலிக்காரர்கள், அதாவது நம்மைப் போன்றவர்கள்.

மூன்றாவது, சட்டம். அந்த ஜனங்கள் போராடி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வாங்கினார்கள். அதில் ஆலைத் தொழிலாளி ஒவ்வொருவனும் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு ஷரத்து இருக்கிறது. அதைப் பிறகு சொல்லுகிறோம்.

ஒரு ஏக்கர் நெல்லும் ஒரு ஏக்கர் இறாலும்

1990-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கடற்கரையோரம் ஒரு புதிய பயிர் வந்தது. அதன் பெயர் இறால். கடலில் போய்ப் பிடிக்கும் இறாலைச் சொல்லவில்லை. நிலத்தில் குட்டை வெட்டி வளர்த்து, ஐஸில் அடுக்கி, அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏற்றும் இறாலைச் சொல்லுகிறோம். நாகை ஜில்லாவிலும், ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலும் கம்பெனிகள் நிலம் வாங்கின. டாலர் வரும், வேலை வரும், கடற்கரை செழிக்கும் என்றார்கள்.

அந்தக் குட்டை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வயலைச் சுற்றிக் கரை போடுகிறார்கள். கடல் நீரைப் பம்பு வைத்து இறைத்து நிரப்புகிறார்கள். உப்பு அதிகமானால் இறால் வளராது. ஆகவே ஆழ்குழாய் இறக்கி நிலத்தடி நன்னீரை எடுத்துக் கலக்குகிறார்கள். தீவனம் கொட்டுகிறார்கள். நோய் வராமல் மருந்து கொட்டுகிறார்கள். சில மாதங்களில் இறாலை வாரிக்கொண்டு, தீவன எச்சமும் மருந்தும் உப்பும் கலந்த நீரை வாய்க்காலில் திறந்து விடுகிறார்கள்.

அடுத்தது என்ன? குட்டையின் உப்பு கரையோடு நிற்பதில்லை. பக்கத்து வயலில் ஊறுகிறது. ஊர்க் கிணறு உப்புக் கரிக்கிறது. நன்னீரை உறிஞ்சிய இடத்தில் கடல் நீர் உள்ளே ஏறுகிறது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள். படகு இறக்கப் போகும் மீனவன் பரம்பரையாக நடந்த பாதையில் முள்வேலி நிற்கிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதை எந்தக் கம்பெனியும் கணக்கில் எழுதுவதில்லை. நெல் வயல் என்றால் உழவு, வரப்பு, நாற்றங்கால், நடவு, களை, அறுப்பு, கதிரடிப்பு என்று எத்தனை கை வேண்டும்! அதிலும் பாதிக்கு மேல் பெண்கள் கை. இறால் குட்டைக்கு எத்தனை கை வேண்டும்? வெட்டுவதற்கு இயந்திரம் வந்துவிடுகிறது. பிறகு தீவனம் போட ஒருவன், பம்பு ஓட்ட ஒருவன், இரவில் டார்ச் லைட்டுடன் காவல் காக்க ஒருவன். ஆயிரம் பேருக்கு வேலை என்று சொல்லி வந்தவன், ஊரையே வேலையற்றதாக ஆக்கிவிட்டான்.

நிலம் வைத்திருப்பவனுக்கு விற்ற பணமாவது மிச்சம். குத்தகைக்காரனுக்கும் கூலிக்காரிக்கும் என்ன மிச்சம்? நிலம் அவர்கள் பேரில் இல்லை. ஆகவே நஷ்ட ஈட்டுப் பட்டியலில் அவர்கள் பேரும் இல்லை.

பிறகு 1994-95ல் குட்டைகளில் வெள்ளைப்புள்ளி என்ற வைரஸ் நோய் புகுந்தது. இறால் கூட்டம் கூட்டமாகச் செத்தது. முதல் போட்டவர்களில் பலர் குட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். போட்ட பணத்தை அவர்கள் வேறிடத்தில் எடுத்துக்கொள்வார்கள். உப்பை யார் எடுப்பது?

வெண்மணி மண்ணிலிருந்து

தோழர்களே! இது நடந்த மண் சாதாரண மண் அல்ல. 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அதிகம் பெண்கள், குழந்தைகள். அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூலி உயர்வு. பிடித்திருந்தது செங்கொடி. அந்த வழக்கில் மிராசுதார்கள் ஹைகோர்ட்டில் விடுதலையானார்கள். அன்று நாம் ஒரு பாடம் படித்தோம்: தராசு எவன் கையில் இருக்கிறதோ, அவன் பக்கம்தான் தட்டு சாயும்.

அந்தக் கொடுமைக்குப் பின் அங்கே வந்து தங்கி வேலை செய்த தம்பதிகள் எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். அவர்கள் நமது கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லர். காந்திய வழியில் வந்தவர்கள். 1981ல் லாப்டி என்ற உழுபவர் நில உரிமை இயக்கத்தை நிறுவி, நிலமற்ற ஹரிஜனக் குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரிலேயே, ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கிடைக்கச் செய்தார்கள். பாதை வேறாக இருக்கலாம். நல்லதை நல்லது என்று சொல்லத் தயங்குகிறவன் பாட்டாளிக்கு நண்பனல்ல.

இப்படிப் பாடுபட்டுப் பெற்ற நிலத்தின் ஓரத்திலேயே இறால் குட்டை வந்தது. காணி நிலம் கையில் வந்தும் கதிர் வரவில்லை; உப்புப் பூத்தது. ஜனங்கள் குட்டைக் கரையில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அடி வாங்கினார்கள். சிறை போனார்கள். மீனவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். 1994ல் ஜெகந்நாதன் பெயரில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தாக்கலாயிற்று.

கோர்ட்டு என்ன சொன்னது?

வழக்குக்கு ஆதாரமாக இருந்த சட்டத்தை முதலில் தெரிந்துகொள்வோம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் மாண்டார்கள். அதன் பிறகுதான் 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிணம் விழுந்த பிறகு சட்டம் எழுதுவது இந்த நாட்டில் பழக்கமாகிவிட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரி 19-ந் தேதி சர்க்கார் ஒரு அறிவிக்கை போட்டது. கடல் நீர் ஏறி வந்து நிற்கும் உயர்ந்த கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை உள்ள நிலம் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. கடலோரத்தில்தான் இருந்தாக வேண்டும் என்ற அவசியம் இல்லாத தொழில் எதுவும் அங்கே புதிதாக வரக்கூடாது என்றது.

இறால் கம்பெனிகள் கோர்ட்டில் சொன்ன வாதம் இதுதான்: ‘இறாலுக்குக் கடல் நீர் வேண்டும், ஆகவே கரை வேண்டும்.’ கோர்ட்டு ஒப்பவில்லை. நீரைக் குழாயில் கொண்டு போகலாம். கரையிலேயே குட்டை வெட்ட வேண்டியதில்லை என்றது. நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தை அனுப்பி நேரில் பார்த்து வரச் சொன்னது. குட்டையால் வரும் வருமானத்தைவிட அதனால் ஏற்படும் சேதமே அதிகம் என்று விஞ்ஞானிகள் கணக்குக் காட்டினார்கள். நாம் வயிற்றால் போட்ட கணக்கை அவர்கள் காகிதத்தில் போட்டுக் காட்டினார்கள்.

1996 டிசம்பர் 11-ந் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதும் தீர்ப்பளித்தார்கள். ஒழுங்குமுறைப் பகுதிக்குள் உள்ள இறால் தொழிற்சாலைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். விளைநிலத்தையும், உப்பளத்தையும், அலையாத்திக் காட்டையும், ஊர்ப் பொதுநிலத்தையும் இறால் குட்டையாக்கக் கூடாது. சேதம் செய்தவனே சேதத்துக்கு ஈடு கட்ட வேண்டும்.

பழைய முறை வளர்ப்புக்குக் கோர்ட்டு விதிவிலக்குத் தந்தது. கேரளத்தில் பொக்காளி என்று ஒரு முறை உண்டு. மழைக்காலத்தில் அந்த வயலில் உப்பைத் தாங்கும் நெல் விளையும். அறுவடைக்குப் பின் அதே வயலில் கடல் நீரை விட்டு இறால் வளர்ப்பார்கள். நெல்லின் தாள் இறாலுக்கு இரை. இறாலின் எச்சம் நெல்லுக்கு எரு. ஆகவே இறால் என்றாலே அழிவு என்று யாரும் சொல்லவில்லை. இறாலை வளர்க்கலாம், ஊரை அழித்து வளர்க்கக் கூடாது. அபிவிருத்திக்கும் இயற்கைக்கும் நடுவே தராசைப் பிடிப்பது என்றால் இதுதான்.

மனப்பாடம் செய்ய வேண்டிய ஷரத்து

மில் தோழர்களே, இப்போது காதைக் கொடுங்கள். குட்டைகளை மூடினால் அங்கே வேலை செய்தவன் கதி என்ன? கோர்ட்டு இதை மறக்கவில்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த ஒவ்வொரு தொழிலாளியையும் ஆட்குறைப்பு செய்யப்பட்டவனாகக் கருத வேண்டும் என்றது. அப்போது அமலில் இருந்த 1947-ம் வருஷத் தொழில் தகராறுச் சட்டப்படி, ஓராண்டு சர்வீசுக்கு 15 நாள் சம்பளம் என்ற நஷ்ட ஈடு தர வேண்டும். அதற்கு மேல் இன்னும் ஆறு வருஷச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும். 1997 மே 31-க்குள் தர வேண்டும்.

ஆறு வருஷச் சம்பளம்! மண்ணைக் கெடுத்தவன் முதலாளி. அந்தத் தவறுக்கு அபராதம் தொழிலாளியின் வயிறு கட்டக்கூடாது. இந்த நியாயத்தை நாட்டின் உயர்ந்த கோர்ட்டு எழுதி வைத்திருக்கிறது. இதை எத்தனை சங்கங்கள் படித்திருக்கின்றன?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். இன்று சுத்திகரிக்கிறோம், நாளை சுத்திகரிக்கிறோம் என்று தவணை வாங்கியே காலம் ஓடியது. கடைசியில் 2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. வெளியூரிலிருந்து போன தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். சட்டத்தை முதலிலேயே அமல் நடத்தியிருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், வேலையும் பிழைத்திருக்கும்.

‘வேலை வேண்டுமா, மண் வேண்டுமா, ஒன்றைச் சொல்’ என்று நம்மிடம் கேட்பார்கள். இந்தக் கேள்வியிலேயே மோசம் இருக்கிறது. மண் செத்த இடத்தில் வேலை எத்தனை நாள் நிற்கும்? மண்ணைக் கெடுத்துச் சம்பாதித்த காலத்தில் லாபத்தில் பங்கு கேட்டால் ‘நீ கூலிக்காரன்’ என்பார்கள். மூடுகிற காலத்தில் மட்டும் ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம், வா, என்னோடு நின்று கோஷம் போடு’ என்பார்கள். நம்மவர்களும் சில இடங்களில் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அந்தக் கோஷத்தைப் போட்டிருக்கிறார்கள். மறைப்பதற்கில்லை. அந்தப் பயத்தைப் போக்கும் மருந்துதான் அந்த ஆறு வருஷச் சம்பளம் என்ற ஷரத்து. ஈடு கிடைக்கும் என்று தெரிந்தால் மில் தொழிலாளி வயல் தொழிலாளிக்கு எதிராக நிற்கமாட்டான்.

வென்றதை எப்படி இழந்தோம்?

தீர்ப்பு வந்தது, இனிப்பு வழங்கினோம், வீட்டுக்குப் போய்விட்டோம். இறால் கம்பெனிகள் வீட்டுக்குப் போகவில்லை. டெல்லிக்குப் போனார்கள்.

மறுபரிசீலனை மனுப் போட்டார்கள். 1997ல் குட்டைகளை இடிக்கும் உத்தரவை அதே சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. அதே வருஷம் பார்லிமெண்டில் ஒரு மசோதா வந்தது. அது முடியாமல் கிடந்தது. ஆனால் முயற்சி ஓயவில்லை.

2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தது. நாகை ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அலைக்கும் குடிசைக்கும் நடுவே மணல்மேடும் அலையாத்திக் காடும் நிற்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்று அன்று உலகமே பேசியது. கண்ணீர் காய ஆறு மாதம் ஆகவில்லை. 2005 ஜூன் மாதம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்துவிட்டது. அதன் 27-ம் பிரிவைப் படியுங்கள். 1991 அறிவிக்கையின் தடை கடலோர இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்கிறது. எப்போதிலிருந்து? 1991 பிப்ரவரி 19-ந் தேதியிலிருந்தே! அதாவது தீர்ப்பின் அடிக்கல்லையே பதினான்கு வருஷம் பின்னோக்கிப் போய்ப் பிடுங்கிவிட்டார்கள். நடந்த குற்றம் குற்றமே அல்ல என்றாகிவிட்டது.

அரைப்படி நெல் கேட்டவனுக்கு முன்தேதியிட்டு எந்தச் சட்டமாவது கூலி தந்ததுண்டா?

இன்னும் கேளுங்கள். அந்த 2005 சட்டத்திலும் சில காப்புகள் இருந்தன. பதிவு செய்யாமல் குட்டை நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை என்றிருந்தது. 2023ல் திருத்தம் கொண்டு வந்து சிறையை எடுத்துவிட்டு அபராதம் போதும் என்றாக்கினார்கள். ஒரு மீனவன் எல்லை தாண்டினால் சிறை. ஒரு கூலிக்காரன் சுள்ளி பொறுக்கினால் வழக்கு. ஊர்க் கிணற்றை உப்பாக்கியவன் பணம் கட்டிவிட்டுப் போகலாம். பணம் உள்ளவனுக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு.

கடற்கரை அறிவிக்கையும் அப்படியே தேய்ந்துகொண்டு வந்தது. 1991ல் கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில் கட்டடம் கூடாது என்றிருந்தது. 2019 ஜனவரி 18-ந் தேதி அறிவிக்கையில், ஜனநெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு அது 50 மீட்டராகச் சுருங்கியது. மீனவன் கரையோரம் வீடு கட்டிக்கொள்ள வழி வேண்டும் என்பது நியாயம். ஆனால் மீனவனுக்கென்று திறந்த கதவில் ஓட்டல்காரன் நுழைந்தால் யார் தடுப்பது?

எதிர்த்தரப்பு வாதம்

எதிர்த்தரப்பு சொல்வதையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். ‘இந்தியா உலகில் இறால் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கிறது. அன்னியச் செலாவணி வருகிறது. சிறு விவசாயிகளும் குட்டை வைத்துப் பிழைக்கிறார்கள். இறால் உரிக்கும் கொட்டகைகளில் பெண்களுக்கு வேலை கிடைக்கிறது’ என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. 2009-க்குப் பிறகு வனாமி என்ற வெளிநாட்டு இறாலை வளர்க்க அனுமதி தந்தார்கள். உற்பத்தி பன்மடங்கு பெருகியது. கடன் வாங்கிக் குட்டை வைத்த சிறு விவசாயி நமக்குப் பகைவன் அல்ல. நோய் வந்தால் முதலில் சாகிறவன் அவன்தான்.

ஆனால் அந்தச் செழிப்பு எதன் மேல் நிற்கிறது? நமது இறாலுக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. 2025ல் அங்கே இந்தியச் சரக்குக்குச் சுங்கத்தை 50 சதவீதத்துக்கு ஏற்றினார்கள். உடனே நம் கரையில் வியாபாரிகள் விலையை இறக்கினார்கள். வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் வங்கக் கடலோரத்தில் விவசாயி நடுங்குகிறான். நெல் வயலை இப்படிப்பட்ட சூதாட்டத்துக்குப் பணயம் வைக்கலாமா?

இந்தக் கதை நமது கரையோடு நிற்பதுமில்லை. வங்காள தேசத்தில் குல்னா ஜில்லாவில், 1990 நவம்பர் 7-ந் தேதி, இறால் முதலாளியின் அடியாட்களை எதிர்த்து ஊர்வலம் வந்த நிலமற்ற பெண்களின் முன்னணியில் நின்ற கருணாமயி சர்தார் கொல்லப்பட்டார். அவர் ஊரார் இன்றும் இறாலை உள்ளே விடவில்லை; நெல் விளைக்கிறார்கள். ஒரிசாவில் சிலிகா ஏரியில் இறால் பண்ணைகளை எதிர்த்த மீனவர்கள் மீது 1999 மே மாதம் போலீஸ் சுட்டது. நான்கு பேர் மாண்டார்கள். மொழி வேறு, கிணற்றில் ஏறிய உப்பு ஒன்றே.

சட்டத்தால் பயன் உண்டா?

‘கோர்ட்டுத் தீர்ப்பும் நிற்கவில்லை, சட்டமும் மாறிப்போச்சு, பிறகு சட்டத்தை நம்பி என்ன பயன்?’ என்று கேட்பீர்கள்.

எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் யாராவது தானமாகத் தந்ததா? தெருவில் வாங்கி, சங்கத்தில் காத்து வைத்திருக்கிறோம். சங்கம் தூங்கிய ஆலையில் அது எட்டு மணியா, பன்னிரண்டு மணியா என்பது உங்களுக்குத் தெரியும். கடற்கரைச் சட்டமும் அப்படித்தான். அது வயலுக்குக் கட்டிய வரப்பு மாதிரி. வரப்பை ஒரு தடவை கட்டினால் போதாது; நண்டு துளைக்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போதும் நம் கையில் துண்டும் துணுக்குமாகச் சில சட்டங்கள் இருக்கின்றன. 2005ல் வந்த வழிகாட்டும் விதிகளிலேயே, 500 பேருக்குக் குறைந்த ஊரிலிருந்து 100 மீட்டரும், அதற்கு மேற்பட்ட ஊரிலிருந்து 300 மீட்டரும் தள்ளித்தான் குட்டை இருக்க வேண்டும். விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் குட்டையாக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். எழுத்தில் குறையில்லை. அளக்கும் சங்கிலி யார் கையில் இருக்கிறது? குட்டைக்காரனின் ஜீப்பில் வந்து, குட்டைக்காரன் வீட்டில் சாப்பிட்டு, குட்டைக்காரன் காட்டிய இடத்தில் அளந்தால் நூறு மீட்டர் முந்நூறாகத் தெரியும். ஊரார் சூழ்ந்து நின்று அளந்தால் நூறு நூறாகவே இருக்கும்.

2006 அறிவிக்கைப்படி பெரிய திட்டங்களுக்கு ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். அங்கே நிலச்சுவான்தாரும் காண்டிராக்டரும் வந்து பேசுகிறார்கள். நாம் கூலிக்குப் போய்விடுகிறோம். ஒரு நாள் கூலி போனாலும் போக வேண்டிய கூட்டம் அது. 2010ல் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. தென்னிந்தியாவுக்கான அதன் அமர்வு சென்னையில் உட்காருகிறது. வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் சங்கம் எதற்கு இருக்கிறது?

நாம் கேட்பவை

முடிவாக, கடற்கரைக்கும் செட்டியார்பட்டிக்கும் பொருந்தும்படி நாலு கோரிக்கைகளைச் சொல்லுகிறோம்.

ஒன்று: விளைநிலமும் குடிநீரும் பண்டமல்ல. எந்தத் தொழில் வந்தாலும் முதலில் ஊர்க் கிணற்றைக் கணக்கெடு. பிறகு லாபத்தைக் கணக்கெடு.

இரண்டு: ஒரு திட்டத்தால் வரும் வேலையை மட்டும் எழுதாதே. அதனால் போகும் வேலையையும் எழுது. நடவுக்காரியின் கூலி நாள் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். பட்டா இல்லாதவனும் நஷ்டப்பட்டவனே.

மூன்று: கெடுத்தவன் ஈடு கட்ட வேண்டும். தொழிற்சாலையைச் சட்டம் மூடினால், 1996 தீர்ப்பின் வழியில் தொழிலாளிக்கு வருஷக்கணக்கில் சம்பளம் தர வேண்டும். இதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

நான்கு: அளக்கும் இடத்தில், சோதிக்கும் இடத்தில், அனுமதி வழங்கும் இடத்தில், கூலிக்காரனும் மீனவனும் பெண்களும் உட்கார வேண்டும்.

நாளைக்கே நமது ஓடைக்கரையில் ஒரு சாயப்பட்டறையோ கெமிக்கல் தொழிற்சாலையோ வரலாம். ஐந்நூறு பேருக்கு வேலை என்பார்கள். அன்றைக்கு மில் தொழிலாளி ஒரு பக்கமும் விவசாயத் தொழிலாளி ஒரு பக்கமும் நின்றால் இருவருக்கும் தோல்விதான். நமது வீட்டையே பாருங்கள். அண்ணன் மில்லில் நூல் இழுக்கிறான், தங்கை களை பறிக்கிறாள், அம்மா குடத்தோடு குழாயடியில் நிற்கிறாள். ஒரே குடும்பத்தின் மூன்று வயிறுகளை மூன்று கட்சியாக்கி மோதவிடுவதற்கு இடம் கொடுக்காதீர்கள். ‘கழிவு எங்கே போகும்? தண்ணீர் எங்கிருந்து எடுப்பாய்? மூடினால் எங்களுக்கு என்ன தருவாய்?’ என்ற மூன்று கேள்விகளை முதல் நாளே கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். அதன் பிறகு அஸ்திவாரம் தோண்டட்டும்.

வெண்மணியில் அரைப்படிக்காக உயிர் கொடுத்தார்கள். அந்த அரைப்படி வெறும் நெல்லல்ல. அளக்கும் உரிமை எங்களுக்கும் உண்டு என்ற முழக்கம் அது. அதே மண்ணில் இருபத்தாறு வருஷம் கழித்து எழுந்த வழக்கும் அதையேதான் கேட்டது. தீர்ப்பைப் பின்தேதியிட்டு அழிக்கலாம். அந்தக் கேள்வியை அழிக்க முடியாது.

அபிவிருத்தியும் வேண்டும், ஆறும் கடலும் வேண்டும். இரண்டையும் நிறுக்கத் தராசும் உண்டு. அதை இதுவரை பிடித்த கை லாபம் பார்க்கிற கை. இனி உழைக்கிற கை பிடிக்கட்டும்!